விலக்கில் நிற்பவர்கள்

எங்கள் பக்கம் பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற இடத்துக்கு ‘விலக்கு’ என்று பெயர். வடக்கே கூட்டுரோடு என்பார்கள், படித்தவர்கள் ஜங்ஷன் என்பார்கள். எங்களுக்கு விலக்குதான். ராதாபுரம் வட்டாரத்தில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். “இன்ன விலக்குல எறங்கி கெழக்க பாத்து வாங்க” என்றுதான் ஆரம்பிப்பார்கள். மேற்கே மகேந்திரகிரி, சுற்றிலும் காற்றாலை, நடுவே நாலுவழிச்சாலை.

அந்தச் சாலையின் எண் 44. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. பழைய ஆட்கள் இன்னும் ‘என்.ஹெச். ஏழு’ என்றே சொல்வார்கள். நான் பெங்களூரில் சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். தினமும் அலுவலகம் போகிற வழியில் ஹெப்பாள் மேம்பாலம் இருக்கிறது. விமான நிலையத்துக்குப் போகிற பெல்லாரி சாலையும் வெளிவட்டச் சாலையும் முட்டிக்கொள்கிற இடம். அங்கே ஓடுவதும் இதே 44தான். ஆக, என் வேலையும் என் வீடும் ஒரே சாலையின் இரண்டு சந்திப்புகளில் இருக்கின்றன.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது டீக்கடையில் ஒரு மனு கையெழுத்துக்குச் சுற்றி வந்தது. எங்கள் விலக்கில் மேம்பாலம் வேண்டும் என்று. சித்தப்பா மகன்தான் அதற்கு முன்னால் நிற்கிறவன். “அண்ணே, நீங்க இருக்க எடத்துல ஏர்போர்ட் ரோட்டுக்குப் போட்டிருக்கான்லா, அதுமாதி ஒண்ணு இங்க போட்டாத்தான் சரிவரும்” என்றான். நான் கையெழுத்துப் போடவில்லை. “அண்ணனுக்கு இப்ப ஊரு எதுக்கு?” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான், எனக்குக் கேட்கும்படியாக. அங்கே வைத்து அவனுக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இதுதான் பதில்.

முதலில் அவன் ஏன் கேட்கிறான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2017-ல் எங்கள் பெரியப்பா அந்த விலக்கில்தான் அடிபட்டார். ராதாபுரம் பக்கத்து ஊர்கள் சாலைக்குக் கிழக்கே. திருநெல்வேலி போகிற பஸ் நிற்பதோ மேற்குப் பக்கம். எனவே ஊரிலிருந்து கிளம்புகிற யாரும் நாலு வழியையும் கடந்தே ஆக வேண்டும். பாளையங்கோட்டையில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்க விடியும் முன்னால் கிளம்பியவர், முதல் இரண்டு வழியையே கடக்கவில்லை. அடித்த கார் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர் லீவு முடிந்து வளைகுடாவுக்குத் திரும்புகிறவர், நம்ம பக்கத்து ஆள்தான். ஓடிப் போகவில்லை. அதே காரில் பெரியப்பாவை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அவர் விமானம் போய்விட்டது. மூன்றாம் நாள் பெரியப்பாவும் போய்விட்டார்.

டிரைவர் மீது வழக்கு. அதிவேகம், அஜாக்கிரதை. காகிதத்தில் எப்போதும் இருக்கிற இரண்டு சொற்கள். சாலையை யாரும் குற்றவாளியாகச் சேர்க்கவில்லை. அன்று அதற்குச் சட்டமே கிடையாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 198ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாமல் சாலையை வடிவமைத்தவரோ கட்டியவரோ பராமரிப்பவரோ, அதனால் சாவு நேர்ந்தால், அபராதம் கட்ட வேண்டும். எவ்வளவு? அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய்.

கணக்கைப் பாருங்கள். நாலுவழிச்சாலையில் காருக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் வரை அனுமதி உண்டு. அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். ஒரு பக்கத்து இரண்டு வழியும் ஓரமும் சேர்ந்தால் 9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வயசாளி வினாடிக்கு ஒரு மீட்டர் நடப்பார். அவர் டிவைடரைத் தொடும் 9 வினாடிக்குள், சட்டத்தை மீறாத கார்கூட 250 மீட்டர் வந்துவிடும். இருட்டில் கால் கிலோமீட்டர் தூரத்தில் தெரிகிற இரண்டு விளக்கை வைத்து, வண்டி வருகிற வேகத்தைக் கணித்து, காலை எடுத்து வைக்க வேண்டும். எழுபது வயதுக் கண்ணுக்கு இது பரீட்சை. பெரியப்பா அதில் பல வருஷம் தினமும் பாஸ் ஆனார். ஒருநாள் பெயில்.

ஆகவே தம்பி கோபத்தில் நியாயம் இருக்கிறது. மருந்துதான் தப்பு. அதற்கு ஹெப்பாள் கதையைச் சொல்ல வேண்டும்.

ஹெப்பாள் மேம்பாலம் 2003-ல் திறந்தார்கள். அப்போது பெங்களூருக்கு விமானம் எச்.ஏ.எல். நிலையத்தில்தான் இறங்கியது. 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் வந்தது. ஐந்து வயதுப் பாலத்தின் மேல் நகரத்தின் மொத்த விமானப் பயணமும் ஏறி உட்கார்ந்தது. வெளிவட்டச் சாலை நெடுக எங்களைப் போன்றவர்களின் கண்ணாடிக் கட்டடங்கள் வேறு. பாலம் திணறியது. அடுத்து ஹெப்பாளுக்கு வடக்கே மேல்மட்டச் சாலை வந்தது. அதுவும் சேர்ந்து வண்டிகளை வேகமாகக் கொண்டுவந்து ஹெப்பாளின் வாயிலேயே கொட்டியது.

2016-ல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை 6.7 கிலோமீட்டருக்கு எஃகு மேம்பாலம், 1,791 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. எண்ணூறுக்கு மேல் மரங்கள் போகும். அக்டோபரில் ஜனங்கள் தெருவில் கைகோத்து நின்றார்கள், ‘பேடா’ என்றார்கள். கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம். 2017 மார்ச்சில் அரசு பின்வாங்கியது. அத்தோடு முடிந்ததா? 2025 ஆகஸ்டில் பழைய பாலத்துக்குப் புதிதாக ஒரு வளைவு திறந்தார்கள். இப்போது ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை பதினாறு கிலோமீட்டருக்கு மேல் பூமிக்கடியில் சுரங்கச்சாலை போடப் போகிறார்களாம். மதிப்பீடு 17,000 கோடியைத் தாண்டுகிறது. மேலே போனது போதாமல் கீழே போகிறார்கள்.

என் தொழிலில் இது முதல் வருஷப் பாடம். ஒரு சர்வரில் வரிசை நின்றால், அந்த இடத்தை மட்டும் வேகப்படுத்தினால், வரிசை அடுத்த இடத்தில் போய் நிற்கும். மொத்தப் பாதையில் எது மிக ஒடுக்கமோ அதுதான் மொத்தத்தின் வேகம். இன்னொரு பாடமும் உண்டு. எளிய வரிசைக் கணக்குப்படி, கொள்ளளவில் பாதி நிரம்பினால் ஒருவர் செலவழிக்கும் நேரம் இரண்டு மடங்கு. 90 சதவீதம் நிரம்பினால் பத்து மடங்கு. 95 என்றால் இருபது. ஆகவே சாலையில் கொஞ்சம் இடம் கூட்டினால் முதல் மாதம் அதிசயம் மாதிரி இருக்கும். ரிப்பன் வெட்டியவர் போட்டோவும் பேப்பரில் வரும். ஆனால் சாலை காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும், நேற்று வரை பஸ்ஸில் போனவன், நேரம் மாற்றிப் போனவன், வேறு வழி போனவன் எல்லாரும் வந்து சேருவார்கள். திரும்ப 95. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த டுரான்டன், டர்னர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2011-ல் சொன்னது இதைத்தான்: நகரத்து நெடுஞ்சாலையின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, கிட்டத்தட்ட அதே விகிதத்தில் ஓட்டமும் கூடுகிறது.

நம்ம ஊர் சாட்சியே இருக்கிறது. சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கத்திப்பாரா. நேரு சிலையைச் சுற்றி வண்டிகள் மொய்த்த ரவுண்டானா, 2008-ல் நாலு இதழ்க் குளோவர் இலை மேம்பாலமானது. ஆசியாவிலேயே பெரிசு என்று அப்போது பெருமை பேசினோம். மேலிருந்து எடுத்த படம் இன்றும் அழகுதான். ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் முடிச்சு அவிழ்ந்ததா? அடுத்த முடிச்சு பல்லாவரம். அங்கேயும் வண்டலூரிலும் 2020-ல் மேம்பாலம் திறந்தார்கள். 2023 டிசம்பர் கடைசியில் தென்மாவட்டப் பஸ்கள் நிற்கிற நிலையத்தையே கிளாம்பாக்கத்துக்குத் தள்ளினார்கள். ஒவ்வொரு முடிச்சையும் தெற்கே தள்ளிக்கொண்டே போனால் ஒருநாள் அது எங்கள் விலக்குக்கே வந்துசேரும்!

கத்திப்பாராவில் நல்லதும் ஒன்று நடந்தது, அதை மறைக்கக் கூடாது. 2015-ல் ஆலந்தூருக்கு மெட்ரோ வந்தது. 2021 டிசம்பரில் மேம்பாலத்துக்கு அடியில் கிடந்த இடத்தைச் சீராக்கி, பஸ் நிற்க, நடக்க, உட்கார, சாப்பிட ஒரு சதுக்கம் திறந்தார்கள். சாயங்காலம் போய்ப் பாருங்கள், கூட்டம் தெரியும். அந்த ஜனங்கள் 2021-ல் திடீரென்று முளைத்தவர்கள் இல்லை. அந்தச் சந்திப்பில் நடக்கிறவரும் பஸ் மாறுகிறவரும் எப்போதும் இருந்தார்கள். அவர்களுக்கான இடம், கார் மேலே ஏறிப் பதின்மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தது. என் சண்டையே அந்த வரிசையோடுதான்.

இந்த வரிசை எங்கிருந்து வருகிறது? எண்ணுகிற முறையிலிருந்து.

சாலைப் பொறியாளர்கள் வண்டிகளை அப்படியே எண்ணுவதில்லை. எல்லாவற்றையும் கார் அலகுக்கு மாற்றுவார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-ல் ஊரகச் சாலைகளுக்குப் போட்ட அட்டவணையில் கார் 1, ஆட்டோ 1, மோட்டார் சைக்கிள் அரை, சைக்கிள் அரை, பஸ் 3, கைவண்டி 3, மாட்டுவண்டி 8. சாலையை எது எவ்வளவு அடைக்கிறது என்பதற்கான கணக்கு இது. அந்த அளவில் நியாயமானதுதான். என் தாத்தாவின் மாட்டுவண்டி எட்டு காருக்குச் சமம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் தாத்தா வண்டியை விட்டு இறங்கி நடந்தால்? அந்த அட்டவணையில் அவர் இல்லை. கணக்கில் பூஜ்யம்.

இந்த அலகு அடைப்பின் அளவு. அதைத் தேவையின் அளவாக மாற்றியதுதான் தப்பு. மணிக்கு 10,000 கார் அலகுக்கு மேல் ஒரு சந்திப்பில் சேர்ந்தால் மேம்பாலம் யோசிக்கலாம் என்பது வழிகாட்டி நெறி. 45 பேர் வருகிற ஒரு பஸ் அதில் 3. அந்த 45 பேரும் ஆளுக்கொரு காரில் வந்தால் 45. அதாவது, பஸ்ஸில் அடங்கி ஒடுங்கி வருகிற ஊருக்குப் பாலம் கிடைக்காது. ஆளுக்கொரு கார் வாங்கி அடைத்துக்கொண்டு நின்றால் அரசாங்கம் ஓடிவரும். ஹெப்பாளுக்குப் பணம் வந்துகொண்டே இருப்பதும் எங்கள் விலக்குக்கு டிவைடரில் ஒரு இடைவெளி மட்டும் கிடைத்ததும் இந்தக் கணக்கினால்தான். தனியாகச் சதி எதுவும் தேவையில்லை.

நடப்பவருக்கு வேறு சூத்திரம் இருக்கிறது என்று சிவில் படித்த நண்பன் திருத்தினான். உண்மைதான், இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் கடக்கும் ஆட்களை, வண்டி எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுவே டிவைடர் உள்ள சாலையில் விடை 20 கோடியைத் தாண்டினால் கட்டுப்படுத்தப்பட்ட நடைக்கடப்பு வைக்கலாம். மணிக்கு 1,000 வண்டி போனால், ஒரு மணி நேரத்தில் 200 பேருக்கு மேல் கடக்க வேண்டும். எங்கள் விலக்கில் காலையில் அறுபது பேர் இருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள், பூ கொண்டுபோகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். அறுபது பேருக்குக் கடப்பு கிடைக்க வேண்டுமென்றால் வண்டி 1,800-ஐத் தாண்ட வேண்டும். ஆக, ஊர் பெருக்கணும், இல்லை ஆபத்து பெருக்கணும். இரண்டில் ஒன்று நடக்கிறவரை நெட்டோட்டம்தான்.

எங்கள் தொகுதிக்கு எண்ணிக்கை என்றால் என்ன என்று தெரியும். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. தபால் ஓட்டுகளைச் சரியாக எண்ணவில்லை என்று வழக்கு. 2019-ல் உயர்நீதிமன்ற வளாகத்தில் வைத்தே மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை போட்டது. நல்லது, ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்தான். அதே தொகுதியில் ஒரு விலக்கில் நின்று, நாளொன்றுக்கு எத்தனை பேர் நாலுவழியைக் கடக்கிறார்கள் என்று யாராவது நோட்டும் பேனாவுமாக எண்ணி நான் பார்த்ததில்லை. ஓட்டுப் போடக் கை நீட்டும்போது ஒன்று, அதே ஆள் ரோட்டைக் கடக்கும்போது பூஜ்யம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் நடந்துபோனவர்கள் 32,825. தமிழ்நாட்டில் மொத்தம் 17,884 பேர். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். செத்த பிறகு நடப்பவரையும் எண்ணத் தெரிகிறது என்பதற்கு இது அத்தாட்சி.

இதற்கு எதிர்ப்பேச்சு என்னவென்று எனக்குத் தெரியும், தினமும் ஆபீஸ் கேன்டீனில் கேட்கிறேன். “மச்சி, ஏர்போர்ட் ரோடு பொருளாதாரத்தோட நரம்பு. ஒரு மணி நேரம் அடைச்சா எத்தனை கோடி நஷ்டம்?” நஷ்டம்தான். நானும் விமானம் தவறவிட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கோடியைக் கணக்கிடுகிறவன், நாலுவழியில் இடைவெளி பார்த்துத் தினமும் பத்து நிமிஷம் காத்து நிற்கிற பூக்காரம்மாவின் நேரத்தைக் கூட்டியிருக்கிறானா? அவள் நேரத்துக்கு விலை குறைவு என்றால் அதை நேரடியாகச் சொல்லட்டும். அதோடு, ஹெப்பாளைக் காப்பாற்றப் போவதும் பாலம் இல்லை. விமான நிலையத்துக்கு ஓடுகிற பஸ்ஸும், அந்த வழியாகக் கட்டிக்கொண்டிருக்கிற மெட்ரோவும்தான் ஓரளவாவது காப்பாற்றும். 2003-லேயே செய்திருக்க வேண்டியதை இருபது வருஷம் கழித்துச் செய்கிறோம்.

இன்னொரு எதிர்ப்பேச்சு: “நடக்கிறவங்களுக்கு நடைமேம்பாலம் கட்டிட்டா போச்சு.” சாலைக்கு மேலே லாரி போக ஐந்தரை மீட்டர் இடம் விட வேண்டும். பாலத்தின் கனமும் சேர்ந்தால் ஆறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். பதினைந்து சென்டிமீட்டர் படி என்றால் நாற்பதுக்கு மேல் படி. ஏறி, கடந்து, அதே நாற்பதை இறங்க வேண்டும். தலையில் பூக்கூடை. முழங்கால் வலி. அங்கே பஸ் வந்துவிட்டது. எங்கள் பெரியம்மாவிடம் கேட்டேன். “ஏ ஐயா, அதுல ஏறுததுக்குப் பதிலா அவருகூடயே போயிருப்பேன்” என்றாள். காலில் பலமுள்ளவன் சமதரையில் சக்கரத்தில் போக, பலமில்லாதவள் மலையேற வேண்டும் என்பது என்ன நியாயம்?

எங்கள் விலக்கில் மேம்பாலம் வந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரிகிறது. இப்போதே சில பஸ்கள் ஊருக்குள் வருவதில்லை. “ஊருக்குள்ள போவாது, பைபாஸ்ல எறங்குறவங்க மட்டும் ஏறு” என்று கண்டக்டர் ஏறும்போதே சொல்லிவிடுவார். மேம்பாலம் வந்தால் பஸ் மேலே பறந்துவிடும். கீழே சர்வீஸ் ரோட்டில் இறங்கி ஏறினால் ஐந்து நிமிஷம் வீண். விலக்கில் இன்று நிற்கிற பஸ்ஸும் நாளை நிற்காது. அப்புறம் விலக்கு என்ற சொல்லுக்கு அகராதியில் இருக்கிற இன்னொரு அர்த்தம்தான் மிஞ்சும்.

அப்போ என்னதான் வேண்டும் என்று தம்பி கேட்பான். சொல்கிறேன். சாலையை மேலே தூக்குவதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் வேலை எண்ணுவது. ஒரு வாரம், விடியற்காலை நாலரையிலிருந்து ராத்திரி பத்து வரை, விலக்கில் கடக்கிறவர்களை எண்ணி, அந்த எண்ணை அங்கேயே பலகையில் எழுதி வைக்கட்டும். இரண்டாவது, பஸ் எங்கே நிற்கும் என்பதை முதலில் வரைந்துவிட்டு, அதைச் சுற்றி மற்றதை வரையட்டும். மூன்றாவது, மனிதன் சமதரையில் போகட்டும். இரண்டு பஸ் நிறுத்தத்தையும் இணைத்து, விளக்கு வெளிச்சத்தோடு, தண்ணீர் தேங்காத அகலமான கீழ்வழி. அது வருகிறவரை விலக்குக்கு அரை கிலோமீட்டர் முன்பிருந்து வேகத்தை உடைக்க வேண்டும், இருட்டில் விளக்கு எரிய வேண்டும். சாலை மேலே போக வேண்டிய இடத்தில் போகட்டும். ஆனால் பஸ் கட்டாயம் கீழே வந்து நிற்க வேண்டும் என்று பர்மிட்டிலேயே எழுதட்டும். இதில் முக்கால்வாசிக்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. திறப்புவிழாவுக்கு மேடை போடும் அளவுக்குப் பெரிய விஷயமும் இல்லை. ஒருவேளை அதுதான் சிக்கலோ என்னவோ.

இதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடையாது. தூத்துக்குடி விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்திருக்கிறார்கள். 1,350 மீட்டர் ஓடுபாதை 3,115 மீட்டர் ஆகியிருக்கிறது. பெரிய விமானம் வரும், திருநெல்வேலி–தூத்துக்குடி நாலுவழியில் வண்டி பெருகும். வல்லநாடு, தெய்வச்செயல்புரம், வாகைக்குளம் என்று அந்தச் சாலை நெடுகிலும் விலக்குகள்தான். தாமிரபரணி மேல் இருக்கிற வல்லநாட்டுப் பாலத்தில் ஓட்டை விழுந்து அடைத்த கதையைத் தினமும் அந்த வழியே போகிறவர்கள் சொல்வார்கள். இப்போது எண்ணத் தொடங்கினால் வாகைக்குளம் இன்னொரு ஹெப்பாள் ஆகாது. இருபது வருஷம் கழித்து எண்ணினால் அன்றைக்கும் யாராவது சுரங்கத்துக்கு மதிப்பீடு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

தம்பி, மனுவில் ‘மேம்பாலம்’ என்று இருக்கிற இடத்தில் மேலே சொன்னதை எழுதிக்கொண்டு வா. வரும் சித்திரையில் நான் ஒரு வாரம் லீவு போட்டு வருகிறேன். நாலரை மணிக்கு நீ கிழக்கே நில், நான் மேற்கே நிற்கிறேன். ஆளுக்கொரு நோட்டு. யாரும் எண்ணாவிட்டால் நாமே எண்ணிவிடுவோம். அந்த எண்ணை மனுவின் முதல் வரியில் போடு. அதற்குக் கீழே முதல் கையெழுத்து என்னுடையது.